பொன் பொம்மைக்குத் தலை வரணும்

யாலான்: குடி சின்யூ. புளிச்ச குதிரைப்பால்தான். விஷமெல்லாம் கலக்கல.

சின்யூ: நீங்க முதல்ல ஒரு வாய் குடிங்க அக்கா. அப்புறம் நம்புறேன்.

யாலான்: நல்லாத்தான் பேசக் கத்துக்கிட்ட... இந்தா, குடிச்சாச்சு. போதுமா?

சின்யூ: போதும். ஊத்தி முடிச்சும் எனக்கு இன்னும் நம்ப முடியல. கொதிக்கிற பொன்னை நம்ம கையாலயே ஊத்தணும்னா... நாம என்னைக்கு அடுப்படிப் பக்கம் போனோம்?

யாலான்: அடுப்பு பத்த வைக்கத் தெரியலேன்னாலும் பரவால்ல, பொம்மை வார்க்கத் தெரியணும். கை, கால், மூக்கு எல்லாம் முழுசா வந்தா மகாராணி. வராட்டி அந்தப்புரத்துல கூட்டத்தோட ஒருத்தி. நம்ம முன்னோருங்க எவ்வளவு யோசிச்சு வச்சிருக்காங்க பாரு.

சின்யூ: போன தடவை வார்த்தவங்க பொம்மைக்கு மூக்கே வரலையாமே?

யாலான்: அவளுக்கே அது கொஞ்சம் கம்மிதான்.

சின்யூ: சும்மா இருங்க அக்கா, வெளிய கேக்கப்போகுது... இன்னும் அச்சை உடைக்கலையா?

யாலான்: ஆறட்டும். ஆமா, உன் பையன் நேத்து சக்கரவர்த்தி முன்னாடி மறுபடியும் ஆட்டு மேலேருந்து விழுந்தானாமே?

சின்யூ: விழுந்தான்.

யாலான்: அஞ்சு வயசாச்சு. நம்ம சனத்துப் பிள்ளைங்க அந்த வயசுல ஆட்டு மேல உக்காந்தே எலியை அம்பால அடிக்குதுங்க. இவன் வில்லைத் தலைகீழா பிடிக்கிறான்னு ஒரே சிரிப்பு.

சின்யூ: தலைகீழா பிடிக்கிறது அவ்வளவு சுலபம் இல்ல அக்கா. அதுக்கும் பழகணும்.

யாலான்: ...நீதானா?

சின்யூ: வேற யாரு? அப்பா பேர் கேட்டா அழணும். குதிரையைப் பாத்தா ஓடணும். தினமும் காலையில பாடம். புத்திசாலிப் பிள்ளை, சட்டுனு முட்டாளாயிடுறான்.

யாலான்: ஊருல எந்தத் தாயாவது இப்படி...

சின்யூ: ஊருல எந்தத் தாயையாவது, பிள்ளைக்கு இளவரசுப் பட்டம் கட்டுற அன்னைக்குக் கொல்றாங்களா? நம்ம வம்சத்துலதான் அந்த மரியாதை. பிள்ளை அரியணை ஏறினா அம்மாக்காரி பின்னாடி நின்னு ஆட்டி வைப்பாளாம். அதனால முன்கூட்டியே கழுத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டு. அப்புறம் பெரிய சமாதி, நீளமா ஒரு பட்டப்பேரு.

யாலான்: உயிரோட இருக்கிறவளுக்கு அந்த அளவு யாரும் தலை வணங்கினதில்ல.

சின்யூ: சிரிக்காதீங்க அக்கா. அரண்மனையில முழுகாம இருக்கிற ஒவ்வொருத்தியும் பொண்ணு கொடு, பொண்ணு கொடுன்னு கும்பிடுறா. என் விஷயத்துல மட்டும் சாமிக்குக் காது கேக்கல.

யாலான்: என் விஷயத்துல ரொம்ப நல்லா கேட்டுச்சு. ஒண்ணுமே கொடுக்கல.

சின்யூ: அதான் நீங்க மகாராணி ஆகணுங்கிறேன். உங்களுக்கு ஒரு ஆபத்தும் இல்ல.

யாலான்: வாய் அப்படிச் சொல்லுது. உங்க அண்ணன் மந்திரிங்களுக்கெல்லாம் ஆட்டை அறுத்து விருந்து வைக்கிறார். தங்கச்சி மகாராணியானா தாயைக் கொல்ற அந்த வழக்கத்தையே நிறுத்திடலாம்னு சொல்லிட்டுத் திரியுறார்.

சின்யூ: அண்ணன் கழுத்தைப் பணயம் வச்சு சொல்லச் சொல்லுங்க பாப்போம். என் பொம்மை முழுசா வந்தா என் பையன் மகாராணி பெத்த பிள்ளை. அவன் ஆட்டுலேருந்து விழுந்தா என்ன, அழுதா என்ன... அவன்தான் இளவரசன். அதோட என் கதை முடிஞ்சுது.

யாலான்: அப்போ உனக்கு நிஜமாவே ஆசை இல்லையா?

சின்யூ: பிள்ளைக்கு மீசை முளைக்கிறதைப் பாக்கணும். அதுதான் ஆசை... உங்ககிட்ட மட்டும் சொல்றேன். என் பொம்மை முழுசா வராது.

யாலான்: எப்படிச் சொல்ற?

சின்யூ: நேத்து சாயங்காலம் பட்டறைக்குப் போய் என் அச்சுக்குள்ள தண்ணி ஊத்திட்டு வந்துட்டேன். ஈர மண்ணுல கொதிக்கிற பொன் விழுந்தா நிக்குமா? தலையே வராது.

யாலான்: உன் அச்சுல...

சின்யூ: ஆமா. இன்னைக்கு வார்க்கும்போது சீறும்னு கண்ணை மூடிக்கிட்டு ஊத்துறேன், சத்தமே இல்லாம இறங்குது. உங்களோடதுதான் அப்படி சீறிச்சு... ஏன்க்கா, என்ன ஆச்சு? முகமெல்லாம் வெளுத்துப்போச்சு.

யாலான்: சின்யூ...

பணிப்பெண்: அம்மா, அச்சை உடைச்சுட்டாங்க. யாலான் அம்மா பொம்மைக்குத் தலை வரல. சின்யூ அம்மாவோடது கண் இமை முதற்கொண்டு முழுசா இருக்கு. மகாராணி எழுந்து வரணும். பையனையும் கூட்டிட்டு வரச் சொல்லி சக்கரவர்த்தி உத்தரவு.

சின்யூ: இல்ல... அது எப்படி? நான் என் கையால... அக்கா, நீங்க சொல்லுங்க. அது எப்படி முழுசா வரும்?

யாலான்: நீ பட்டறைக்குள்ள போனதை என் ஆளு பாத்துட்டு வந்து சொன்னா. நீ என் அச்சைக் கெடுக்கத்தான் போயிருக்கன்னு நெனச்சேன்... ரெண்டும் ஒரே மாதிரி அச்சு, எது யாரோடதுன்னு காட்டுறது கயிறு மட்டும்தானே. நீ திரும்பினதும் நான் போனேன். என் சிவப்புக் கயிறை அவுத்து உன் அச்சுல கட்டினேன். உன் நீலக் கயிறை என்னோடதுல கட்டிட்டு வந்துட்டேன்... மகாராணி.