கோடு வரை தள்ளாத குழாய்

பஜ்ஜி தின்றவர்கள் கை கழுவாமல் போக மாட்டார்கள். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் விரலில் எண்ணெய் ஒட்டினால் எழுந்து வாஷ்பேசினுக்கு வந்தே தீர வேண்டும். எங்கள் வீட்டில் அது கூடத்திலேயே, வந்தவர்கள் உட்காரும் சோபாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வைத்தது நான்தான்.

பழனிசெட்டிபட்டி வீட்டில் நானும் என் மகள் முத்துலட்சுமியும் மட்டும். அவள் அப்பா போன பிறகு ஒரு குழாய் ஒழுகினாலும் பிளம்பர் கர்ணனிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. "நாளைக்கு வந்துர்றேன்க்கா" என்பான். அவனுடைய நாளை எந்தக் காலண்டரிலும் கிடையாது. ஒருநாள் ஆத்திரத்தில் போனில் வீடியோ தேடினேன். புஷ்ஃபிட் என்று ஒரு பிளாஸ்டிக் குழாய் வந்திருக்கிறது. பசை வேண்டாம், முறுக்க வேண்டாம். குழாயை நேராக வெட்டி, மூட்டுக்குள் எவ்வளவு போக வேண்டுமோ அங்கே பென்சிலால் கோடு போட்டு, கோடு வரை தள்ளினால் போதும். உள்ளே இருக்கும் பல் 'டக்'கென்று கடித்துக்கொள்ளும்.

அந்த 'டக்'கைக் கேட்டதும் எனக்கு ஐம்பத்தெட்டு வயது என்பதே மறந்துபோனது. சமையலறையை முடித்தேன், குளியலறையை முடித்தேன். மல்லிகைக் கொடிக்கு ஒரு குழாய், செருப்புக் கழுவ ஒரு குழாய். நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் மல்லாந்து கிடப்பேன். முத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "விட்டா வைகை அணையவே நம்ம வீட்டுக்குத் திருப்பிருவ போலம்மா" என்பாள். புரையேறும்வரை சிரிப்போம். இப்படி ஒரு வீட்டிலிருந்து பெண்ணை எதற்காக வெளியே அனுப்ப வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.

ஊர் விடுமா? வடுகபட்டியிலிருந்து முதல் வரன் வந்தது. முந்தின நாள்தான் வாஷ்பேசினை மாட்டியிருந்தேன். சத்தியமாக அன்று அவசரத்தில்தான் கோடு வரை தள்ளவில்லை. தள்ளாவிட்டாலும் பிடித்துக்கொண்டதுபோலத்தான் இருக்கும். யாராவது திறந்து சட்டென்று மூடினால், தண்ணீர் உதைத்துக் கழன்றுவிடும். மாப்பிள்ளையின் தாய்மாமா பட்டு வேட்டியோடு கை கழுவ வந்தார். ஆளையே கழுவி அனுப்பினோம்.

"நல்ல காரியம் பேச வந்த எடத்துல இப்படியா? சகுனமே சரியில்ல" என்று சொல்லிவிட்டு எல்லாரும் சொட்டச் சொட்டக் காரில் ஏறினார்கள். கார் திரும்பியதும் நானும் முத்துவும் ஈரத்தரையில் உட்கார்ந்து சிரித்தோம். மிஞ்சிய பஜ்ஜியையெல்லாம் நாங்களே தின்று தீர்த்தோம். அவள் அப்பா போன பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான்.

சின்னமனூர்க்காரர்கள் வந்தபோது அவசரம் எதுவும் இல்லை. கோடு போட்டேன். அதற்கு விரற்கடை முன்னாலேயே நிறுத்திக்கொண்டேன். பஜ்ஜிக்கு எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விட்டேன். அவர்களும் நனைந்து போனார்கள். முத்து இந்தத் தடவையும் சிரித்தாள், கொஞ்சம் குறைவாக.

மூன்றாவது வரன் கம்பத்துச் சூரியபிரகாஷ். அவனும் முத்துவும் ஏற்கெனவே போனில் பேசியிருந்தார்கள். "எனக்குப் பிடிச்சிருக்கும்மா. இந்தத் தடவ குழாய நல்லாப் பாத்துக்க" என்றாள். பார்த்துக்கொண்டேன்.

பையனின் அம்மா சந்தனம்மாள் சகுனம் பார்க்காதவர் என்று தரகர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவருக்குத் தண்ணீர் மட்டும் போதாது. அதனால் வாஷ்பேசினுக்குக் கீழே கிடந்த மிதியடியை எடுத்துவிட்டேன். டைல்ஸைச் சோப்புத் தண்ணீரால் துடைத்து, அலசாமல் காயவிட்டேன். வீடு பளிச்சென்று இருந்தது. சந்தனம்மாள்கூடப் பாராட்டினார்.

"முன்னாடி வந்தவுக தண்ணிக்குப் பயந்து ஓடிட்டாகளாமே. நாங்க ஓட மாட்டோம்" என்று முத்துவின் கன்னத்தைத் தட்டிவிட்டுத்தான் கை கழுவ எழுந்தார். குழாய் கழன்றது. அவர் ஓடவில்லை, விழுந்தார். இடுப்பு எலும்பில் முறிவு. இனிக் கோல் ஊன்றி நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷி. ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட, "அந்தப் பொம்பளப் பிள்ளைய ஒண்ணும் சொல்லிராதீகப்பா" என்றார். ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஆட்டுக்கால் சூப் கொடுத்துவிட்டேன். எலும்புக்கு நல்லது.

சொந்தக்காரர்கள் சொல்லத்தான் செய்தார்கள். பெண்ணின் ராசி என்றார்கள். சூரியபிரகாஷ் அப்படியெல்லாம் நினைக்கவில்லை, திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். முத்துதான் போனை எடுக்கவில்லை. படித்த பிள்ளை, வேலைக்குப் போகிற பிள்ளை, அவளே நம்பிவிட்டாள்.

"இனிமே யாரையும் வரச் சொல்லாதம்மா. நான் கால் வச்சா அவுக குடும்பமே நாசமாப் போயிரும். நான் ஒங்கூடவே இருந்துக்கிறேன்" என்று என் மடியில் விழுந்து அழுதாள்.

எனக்கு உள்ளே சந்தோஷம் குதித்துக்கொண்டு வந்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. நான்தான் செய்தேன் என்று உங்களிடம் சொல்வதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை, அவளிடம் மட்டும் சொல்ல மாட்டேன். இப்போதெல்லாம் அவள் சிரிப்பதில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் விளக்குக்கூடப் போடாமல் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்கிறாள். தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். பாவம், என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?