தையில வர்ற பல்லு

இல்ல மதினி, முறுக்கு வேணாம். காப்பி மட்டும் போதும், அதையும் நல்லா ஆத்திக் குடுங்க. முன்பல்லு ரெண்டும் இல்லாம எத்தக் கடிக்க? அட, நீங்க ஏன் சங்கடப்படுறீக. வந்ததுலேர்ந்து முந்தானையால வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆமா, தனியாத்தான் வந்தேன். நாகமலை புதுக்கோட்டையில ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டுல எறங்கி, அங்கிட்டு ஒரு பஸ் பிடிச்சு ஒத்தக்கடை வாரதுக்குள்ள இடுப்பு விட்டுப் போச்சு. என் மகென் அழகுபாண்டிக்குத் தெரியாது. கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். எதுக்கா? சொல்றேன். உங்க புள்ள ஆர்த்திகா வேலைக்குப் போயிருச்சுல்ல? நல்லதாப் போச்சு.

கல்யாணத் தேதிய ஆவணியிலேர்ந்து தைக்குத் தள்ளிட்டாகளேன்னு உங்களுக்கு மனசு என்னமோ மாதிரி இருக்கும். இருக்காதா பின்ன. மண்டபக்காரெனுக்கு வேற நீங்கதான் பதில் சொல்லணும். எல்லாம் என் பல்லால வந்தது மதினி. மாப்ளையோட அம்மா பொக்க வாயோட நின்னா வீடியோவுல நல்லாருக்காதாம். என் மகென் சொல்றான்.

கழட்டி மாட்டுற பல்லு செட்டு போதும்டான்னேன். ஒரு வாரத்துல குடுத்துருவாக. அதுக்கு ஒத்துக்கல. பேசும்போது கழண்டு விழுந்தா அசிங்கமாம். இம்ப்ளாண்ட்தான் வைக்கணும்னு கே.கே. நகர்ல ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். அது என்னன்னா, தாடை எலும்புல ஓட்டை போட்டுத் திருகாணி மாதிரி ஒண்ண எறக்கிருவாக. அது எலும்போட சேந்து பிடிக்கணும். நாலு மாசமாவது ஆகுமாம். அதுக்கு மேலதான் பல்லு. மரத்துப் போற ஊசி போட்டாலும் அந்த மிஷின் சத்தம் இருக்கே, மண்டைக்குள்ள போர் போடுற மாதிரி இருந்துச்சு. அதுவரைக்கும் மாட்டிக்கிரச் சொல்லி ஒரு டூப்ளிகேட்டுப் பல்லு குடுத்திருக்காக, வாயில வச்சாலே ஓங்கரிக்குது. இந்தா பையிலதான் கெடக்கு. நான்தான் கழட்டி அதுல போட்டுட்டு வந்தேன்.

நோவு எனக்கு, தீர்மானம் பூராம் மத்தவகளோடது. அதுதான் மதினி எனக்கு ஆத்தமாட்டாமெ வருது. இட்லி தின்னா போதும்ங்குறாக, சிரிக்காதம்மாங்குறாக, வெளிய போகாதங்குறாக. டாக்டரம்மா எங்கிட்டத்தான் கேக்குது, எப்படிம்மா பல்லு போச்சுன்னு. நான் வாயத் தொறக்கங்குள்ள இவென் சொல்றான், பாத்ரூம்ல வழுக்கிட்டாக மேடம்னு. எங்க வீட்டுக்காரரு பக்கத்துல நின்னு மண்டைய மண்டைய ஆட்டுறாரு. சொந்தக்காரவுக போன் பண்ணுனாலும் அதே பாத்ரூம் கதைதான். கேட்டுக் கேட்டு எனக்கே புளிச்சுப் போச்சு.

ரப்பர் மேட்டா? போடலாம் மதினி. போட்டு என்ன செய்ய, நான் பாத்ரூம்ல விழுகலையே.

சட்னி அரைக்கணும்னு பிளக்ல கெடந்த அழகுபாண்டியோட போன எடுத்துட்டு மிக்சிய மாட்டுனேன். சார்ஜ் ஏறலையாம். அம்புட்டுத்தான் விசயம். பொறங்கையால ஓங்கி ஒண்ணு விட்டான். அடுப்பு மேடை முக்குல வாய் போயி இடிச்சிருச்சு. பெறகு அவனேதான் தூக்கிட்டு ஓடுனான். கால்ல விழுந்து அழுதான். உங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப எம்புட்டு அமைதியா உக்காந்திருந்தான், நீங்களே பாத்தீக. அது நடிப்புன்னு நான் சொல்லல. அதுவும் அவென்தான், இதுவும் அவென்தான்.

இதுதான் மொதத் தடவையான்னா கேக்குறீக? பல்லு போனது இதுதான் மொதத் தடவ.

எந்திரிக்காதீக மதினி, செத்த உக்காருங்க. பெத்தவளே வந்து இப்படிச் சொல்றாளேன்னு பாக்குறீக. பஸ்ல வரும்போது எறங்கித் திரும்பிப் போயிரலாமான்னு நெனச்சுக்கிட்டேதான் வந்தேன். அவென எனக்குப் பிடிக்காமயா சொல்றேன்? ஒத்தப் புள்ள. ஆனா நாளைக்கு உங்க புள்ள அந்த அடுப்படியில நிக்கும்ல. ஆர்த்திகா வந்ததும் சொல்லுங்க. யாரு சொன்னான்னு கேட்டா என் பேரையே சொல்லுங்க, ஒளிக்க வேணாம். முடிவு நீங்களும் அதுவும் எடுக்குறதுதான்.

தையில புதுப் பல்லு வந்துரும். சொந்தப் பல்லு மாதிரியே இருக்கும், ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு டாக்டரம்மா சொல்லுச்சு. அதுக்கப்புறம் வந்து நான் சொன்னா நம்புவீகளா? அதான் இப்பவே வந்தேன்.