ஐந்துக்கு முன்னால் ஒரு புள்ளி

கத்தரிக்கோலை எடுத்தவர் எடுத்த இடத்திலேயே வைத்தால் போதும், வீட்டில் எனக்கு வேறு குறையே கிடையாது. வேலையிலும் அப்படித்தான். மருத்துவமனையின் கணினிகளுக்கு நான் காவல். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் எடுத்து வைத்திருக்கிறேன். யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் அது ஒத்துப்போகாது. என் திரையில் சிவப்பு எரியும்.

அன்று காலை எரிந்தது. குழந்தைகள் வார்டில் மருந்து ஏற்றும் பம்புகள் எந்த அளவைத் தாண்டக் கூடாது என்று சொல்லும் கோப்பு அது. முந்தின நாள்தான் புதிதாக வந்தது. நானே சரிபார்த்து ஏற்றியிருந்தேன். அதில் ஐந்துக்கு முன்னால் யாரோ ஒரு தசமப் புள்ளி வைத்திருந்தார்கள். யாரோ என்ன, என் தங்கை புருஷன்தான். அவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே நான்.

புள்ளி அங்கே இருக்க வேண்டியதுதான். பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. ஆனால் என்னைக் கேட்காமல் வைத்த புள்ளி. புள்ளி இல்லாத என் கோப்பையே திருப்பி ஏற்றினேன். சிவப்பு அணைந்தது. டீ குடிக்கப் போனேன்.

மதியம் அவன் சர்வர் அறைக்குள் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“மச்சான், அந்தப் புள்ளிய எடுத்தது நீங்களா? ஒரு கொழந்த செத்துப்போச்சு மச்சான்.”

“என்கிட்ட கேட்டியா?”

“நேத்து எத்தன தடவ போன் பண்ணேன்! நீங்க எடுக்கவே இல்லையே.”

“எடுக்கலன்னா காத்திருக்கணும் மாப்ள.”

அவன் என் நாற்காலியில் உட்கார்ந்து, என் கண் முன்னாலேயே மறுபடியும் அந்தப் புள்ளியை வைத்தான்.

சுவரில் தீயணைப்பு உருளை மாட்டியிருந்தது. பின்மண்டையில் முதல் அடி விழுந்ததும் “மச்சான்” என்றான், அவ்வளவுதான். மேசை விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தான். விரல்களில் அடித்தேன்; விட்டுவிட்டான். கீழே விழுந்த பிறகு முகத்தில் அடித்தேன். எலும்பு முதலில் கெட்டியாக இருந்தது, பிறகு இல்லை. நான் கோபக்காரன் இல்லை. என் தங்கையைக் கேட்டுப் பாருங்கள்.

கீபோர்டில் ரத்தம் தெறித்திருந்தது. சட்டை நுனியால் துடைத்துவிட்டுப் புள்ளியை எடுத்தேன். இனி யாரும் கை வைக்காதபடி கடவுச்சொல்லையும் மாற்றினேன்.

ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்ததிலிருந்து நீங்கள் மாப்பிள்ளையைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள், அதனால் வார்டைப் பற்றி நான் சொல்லவில்லை. பம்புகள் இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். புள்ளி வேண்டுமென்றால் முறைப்படி எழுதிக் கொடுங்கள். பரிசீலிக்கிறேன்.