விபூதி வைத்த பைப்பு

— கெங்கம்மாக்கா, இன்னாக்கா இது? ஒரு பைப்பு பாக்கியில்லாம வெள்ள வெச்சிருக்கே. நான் ஊத்துக்கோட்டைக்குப் போறப்போ இந்தக் குவியல் மொத்தமும் நான் தட்டிப் பாக்காமத்தானே கெடந்துச்சு?

— வந்துட்டியா செம்பகம்? அம்மா ஊட்டுல பூஜையெல்லாம் நல்லா ஆச்சா? அது சுண்ணாம்பு இல்லடி, விபூதி. நேத்து ஆயுத பூஜைக்கு மிசினுக்கு வெச்சேன், தராசுக்கு வெச்சேன். நமக்குச் சோறு போடறது இந்தத் துருப்புடிச்ச இரும்புதானே? அதுக்கும் கொழச்சு ஒண்ணொண்ணுக்கும் ஒரு இழுப்பு!

— அய்யய்யோ, பேஜார் பண்ணிட்டியேக்கா!

— சாமிக்கு வெச்சது பேஜாராடி உனக்கு?

— வெள்ள இருந்தா நான் தட்டிப் பாத்தாச்சுன்னு அர்த்தம்க்கா. இதெல்லாம் மவுண்ட் ரோட்டுல மாடி கட்டற எடத்துல கழிச்சு வுட்ட பைப்பு. ரெண்டு வாயிலயும் சிமிட்டி அடைச்சுக்கினு, உள்ள மழத்தண்ணி நிக்கும். ஒடச்சுக் கொட்டிட்டுத்தான் நான் சுண்ணாம்பு வெப்பேன்.

— தண்ணிதானேடி? அது இன்னா பண்ணிடப் போவுது?

— உருகுற இரும்புல வுழுந்தா, உள்ள தண்ணி கொதிச்சதும் டமார்னு வெடிக்கும்க்கா! கொதிக்கிற இரும்பு அப்படியே மேல வாரி அடிக்கும். எதிர்ல நிக்கிறவன் எலும்பு கூட மிஞ்சாது. இன்னிக்கு பர்னஸ் வாய்ல யாரு?

— எங்க ஊட்டுக்காரருடி...

— அப்பாவண்ணனா!

— அடியே, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. காலைல இதுலேருந்து ரெண்டு வண்டி தள்ளிக்கினு போனாங்களேடி!

— அழுவாதக்கா. சங்கு ஊதினாத்தானே சரக்குப் போடுவாங்க? இன்னும் ஊதல. நீ முன்னால ஓடு, நான் பின்னாடியே வரேன்.

— ஆத்தா, எம் மஞ்சக் குங்குமத்தக் காப்பாத்து... யோவ்! யோவ், போடாதய்யா! தள்ளி வாய்யா!

— இன்னா கெங்கா, தலைய விரிச்சுக்கினு ஓடியாறே? இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

— பைப்பப் போடாதீங்கண்ணே! இன்னும் சங்கு ஊதல இல்ல?

— ராவு காலம் வந்துடும்னு மொதலாளி முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்லிட்டாரு செம்பகம். கம்பித் துண்டெல்லாம் உருகி நிக்குது. பூஜை முடிஞ்சு மொத அடுப்பாச்சேன்னு, நம்ம கெங்கா விபூதி வெச்ச பைப்பாப் பாத்து இப்பத்தான் உள்ள தள்ளினேன்.