ஆலோசகரின் நோட்டு

பல்லடம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மனநல ஆலோசகர்.

“சூப்பர்வைசரைப் பத்தி எங்கிட்ட அழுத பொண்ணுங்க சொன்னதை எழுதி வெச்ச நோட்டை எச்.ஆர். கேக்கறாருங்கக்கா. குடுக்காதீங்க, நாங்க கம்பெனிக்கு லெட்டர் போடறோம்னு எங்க சைக்காலஜிஸ்ட் சங்கத்துல சொல்லிட்டாங்க.”

“லெட்டரை மடிச்சு விசிறிக்குவான். உங்க சங்க விழாவுக்குச் சோறு போட்டதே உங்க மொதலாளிதான கண்ணு?”

“அதுக்கெல்லாம் மசிய மாட்டாங்கக்கா. போன மாசம் வேறொரு கம்பெனிக்கு வக்கீலையே அனுப்புனாங்க.”

“அந்த நோட்டு இப்ப எங்கே?”

“கம்பெனி ரூம்லதாங்க. பயமில்லீங்க, பேரே எழுதலை, மெஷின் நம்பர்தான் போட்டிருக்கேன்.”

“எந்த மெஷின்ல எவ உக்கார்றான்னு அந்த எச்.ஆர். ஆளுக்குத் தெரியாதாக்கும்?”

கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. இளையவள் அருள்புரத்தில் இறங்கி, திருப்பூருக்குத் திரும்புகிற பஸ்ஸை ஓடிப்போய்க் கைகாட்டி நிறுத்தினாள்.