தூக்கின புள்ளிகள்

— கிராஃப் ஓரத்துல ஒரு புள்ளி துருத்திட்டு நிக்குது பாரு, அதையும் தூக்கிடும்மா.

— ஏற்கெனவே பாதியைத் தூக்கியாச்சு சார். ஒவ்வொரு புள்ளியையும் கணக்குப் போட கம்ப்யூட்டர் மெஷின் வாரக்கணக்குல ஓடியிருக்கு.

— ஓடினது தப்பான பக்கம். தூக்கு.

— தூக்கிட்டேன்.

— இப்ப புரோட்டான் சைஸ் என்ன காட்டுது?

— ஆய்வுக்கூடத்துல அளந்த அதே எண்.

— பார்த்தியா? சிம்பிள். ஆரம்பத்துல நீ ஒரு விடை கொண்டுவந்து காட்டினியே, அது புரோட்டானா பூசணிக்காயான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. சரி, கீழ ஹால்ல பத்திரிகைக்காரங்க வந்தாச்சு. நான் சொல்லச் சொல்ல டைப் பண்ணு, அங்க நம்ம இன்ஸ்டிட்யூட் டைரக்டர் முன்னாடி இருக்கற திரையில வரும். அவரு அப்படியே வாசிச்சுடுவாரு.

— பேரெல்லாம் எப்படிப் போடணும் சார்?

— முதல்ல நான். அடுத்து நம்ம மாப்பிள்ளை.

— அவரு இந்தப் பக்கமே வந்ததில்லையே சார்.

— அதனாலதான் எதையும் கெடுக்கல. உன் பேரு நன்றியில வரும்.

— மாசக் கடைசியோட என் வேலை முடியுது சார். ஆய்வுக் கட்டுரையில பேரு இல்லன்னா அடுத்த இடத்துல வாசலோட அனுப்பிடுவாங்க. மெஷின் ரூம் குளிர்ல நான்தானே உக்காந்திருந்தேன்.

— உன் விடை தப்பு, நான் என்ன பண்றது? டைப் பண்ணு. "வெளியையும் காலத்தையும் கட்டங்கட்டமாக நறுக்கி, புரோட்டானுக்குள் மின்னூட்டம் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கணினியில் கணக்கிட்டோம்."

— போட்டேன். கீழ கைதட்டறாங்க.

— கேக்குது, கேக்குது. "எங்கள் நேர்மைக்கு ஓர் உதாரணம். தெரிந்த விடையின் பக்கம் கை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக, தொடக்கத்திலேயே எல்லாத் தரவையும் ஒரு ரகசிய எண்ணால் பெருக்கி வைத்தோம். கணக்கு முடிந்த பிறகே அந்த எண்ணால் வகுத்து, உண்மையான விடையைப் பார்த்தோம்."

— "பார்த்தோம்"னே போடவா சார்?

— ஏன், அதுல என்ன?

— இன்னும் வகுக்கல.

— என்னது?

— அந்த எண் எங்கிட்டதானே இருக்கு. இத்தனை மாசமா நீங்க பொருத்திப் பார்த்ததெல்லாம் பெருக்கி வச்ச விடையை. சொல்ல வந்தப்பல்லாம் பேசாம புள்ளியைத் தூக்குன்னீங்க.

— இப்ப வகுத்தா?

— புரோட்டான் இளைச்சுப் போயிடும் சார்.

— இரு, பதறாதே. நீ ஆரம்பத்துல காட்டின விடை, ஒண்ணையும் தூக்காதது, அதை வகுத்துப் பாரு.

— பார்க்கறேன்... ஆய்வுக்கூட எண்ணு மேலயே வந்து உக்காருது.

— அம்மா தாயே, உன் பேரை முதல்ல போட்டுடு. எனக்கும் முன்னாடி. டைரக்டர் வாசிக்கிறதுக்குள்ள.

— வாசிச்சு முடிச்சுட்டாரு சார். பத்திரிகைக்காரங்க மாப்பிள்ளை பேருக்கு ஸ்பெல்லிங் கேட்டு எழுதிக்கிட்டிருக்காங்க.

— அப்ப நன்றியிலயாவது பெருசா போட்டுடறேன்மா. நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா நீதானே பதில் சொல்லணும்.

— வேணாம் சார். தூக்கின புள்ளிங்களோட என் பேரையும் தூக்கிடுங்க. நாங்க சேர்ந்தே கிளம்பறோம்.