பின்கதவு திறந்த கப்பல்

போன மாதம் மேலப்பாளையம் பேருந்தில், என் முன்னிருக்கைப் பெண் போன் ஸ்பீக்கரில் கணவனோடு பேசிக்கொண்டிருந்தாள். அவன் வேலைபார்க்கும் சரக்குக் கப்பல் ஏடன் வளைகுடாவில் பழுதாகி நின்றதாம். கொள்ளையர் படகுகள் நெருங்கிவிட்டனவாம்.

"சீனாக்காரன் போர்க்கப்பல் ஒண்ணு வந்திருக்கு புள்ள. பின்பக்கம் கதவு கணக்கா திறக்குது."

"எதுக்கு மச்சான் திறக்கான்?"

"தெரியல. கரையில பட்டாளத்த இறக்குத கப்பலாம். உள்ளயிருந்து படகு வருது."

"யா அல்லாஹ்! உங்களப் பாத்தா வருது?"

பக்கத்து இருக்கைக்காரர்களும் அவள் போன் பக்கம் சாய்ந்தார்கள்.

"கொள்ளைக்காரனுவள வெரட்டுதானுவ புள்ள! அவனுவ ஓடுதானுவ!"

அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சொன்னாள்:

"அந்தச் சீனாக்காரப் பிள்ளையளுக்குப் பேரு என்னன்னு கேளுங்க மச்சான்."

"எதுக்கு?"

"அல்லாஹ்ட்ட துஆ கேக்கும்போது சொல்லணும்லா."